வலிக்கும் என்று சொன்னவள்

அதெல்லாம் வாய் கூசாமல் பேசுகிற பேச்சு. செத்த பிள்ளையைச் சுவரில் ஒட்டிப் பேர் தேடிக்கொண்டாள் என்கிறார்கள். பெற்ற பெண்ணை அப்பன் கையில் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்கிறார்கள். சலவைக்கடை வாசலில் நின்றுகொண்டு முதல் மாடிக்காரி சொன்னாளே, "எங்ககிட்ட மூணு வருஷமா பையன் கப்பல்ல இருக்கான்னா. சினிமாக்காரனுக்கு மட்டும் உண்மையச் சொல்லியிருக்கா பாருங்க" என்று, அதில்தான் இருக்கிறது விஷயம். அவளுக்குப் பிள்ளை செத்தது பெரிதில்லை. தனக்கு முதலில் சொல்லாமல் போனதுதான் பெரிது.

ஊசியக்கா யாருக்கும் சொல்லவில்லை. சினிமாக்காரனுக்கும் சொல்லவில்லை. நடந்தது வேறு. கேட்கிற பொறுமை இருந்தால் கேட்கலாம். இல்லாதவர்கள் சலவைக்கடைக்கே போகட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். அதனால்தான் ஊசியக்கா. கட்டிய கணவனே வெளி ஆட்களிடம் "ஊசியக்கா வீட்ல இல்ல" என்றுதான் சொல்வார். அந்த அறையில் மற்ற நர்சுகள் எல்லோரும் "வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார்கள். இவள் சொல்ல மாட்டாள்.

"வலிக்குமா ஆன்ட்டி?" என்று குழந்தை கேட்கும்.

"வலிக்கும். எறும்பவிட ஜாஸ்தியா வலிக்கும். ஆனா மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். நீ எண்றியா, நான் எண்ணட்டுமா?"

அம்மாக்காரிகளுக்குக் கோபம் வரும். "என்னக்கா, புள்ளைய இப்படியா பயமுறுத்துவீங்க?"

"பொய் சொல்லி ஒரு ஊசி போட்றலாம்மா. அடுத்த ஊசிக்கு நீதான் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்துட்டு வரணும்" என்பாள். பேச்சு பேச்சாக இருக்கும்போதே ஊசி ஏறி, இறங்கி, பஞ்சும் வைத்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் மூன்று வருடமாக ஒரு பெரும் பொய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மகன் கப்பல் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போனான். பத்தொன்பது வயது. போய் நான்காம் மாதம் கப்பல் பட்டறையில் ஏணி சறுக்கி விழுந்தான். தகவல் வந்தபோது கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஆறு வயது. அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரும் போனார்கள், அங்கேயே காரியத்தை முடித்தார்கள், திரும்பி வந்தார்கள். வந்ததும் பெண் கேட்டாள், "அண்ணன் கப்பல் ஏறிடுச்சா?"

அப்பா சொன்னார், "ஏறிட்டான்."

அவ்வளவுதான். அவர் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவார், ஒரு கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் ஊசியக்கா திகைத்துப்போய் நின்றாள். திகைப்பு தீருவதற்குள் அது உண்மையாகிவிட்டது. பழைய தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் வீட்டையே மாற்றினார் அவர்.

பெண் சும்மா இருக்குமா? அண்ணன் ஏன் ஃபோன் பண்ணவில்லை என்று கேட்டது. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்றார்கள். ஒரு வாரம் சாப்பாட்டைத் தொடாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவர் சொன்னார், "ஒரே ஒரு லெட்டர் எழுது. அவன் எழுதின மாதிரி. புள்ள சாப்பிடட்டும்."

மகன் இடது கைக்காரன். எழுத்தெல்லாம் காற்றடித்த பயிர் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். ஊசியக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் எழுதிப் பார்த்தாள். அச்சாக அவன் எழுத்தே வந்தது. "அன்புள்ள வாலுக்கு" என்று ஆரம்பித்தாள். தங்கையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். எழுதி முடித்துக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு கடிதம் பதினான்கு ஆனது. பனி விழுகிற துறைமுகம், கப்பலோடு கூடவே நீந்தி வந்த மீன், சமையல்காரன் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டது. வாலு ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தாள். பதிலும் எழுதினாள். "கம்பெனி ஆபீஸ்ல குடுத்துடுறேன்" என்று வாங்கிக்கொண்டு போவாள் ஊசியக்கா. ஆஸ்பத்திரியில் மூடி உடைந்து ஒதுக்கிப்போட்ட மருந்து ஐஸ்பெட்டி ஒன்று இருந்தது. அதில்தான் அந்தப் பதில்கள் எல்லாம் கிடந்தன.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவரும் கேட்க ஆரம்பித்ததுதான். "இந்த மாசம் லெட்டர் வந்துச்சா?" என்பார், பெண் பக்கத்தில் இருக்கும்போது. பிறகு பெண் இல்லாதபோதும் கேட்டார். கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார். "பையன் இளைச்சுட்டான் போல" என்றார் ஒருநாள். ஊசியக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் விளையாடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கமிட்டி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேத்திக்கு ஊசி போடக் கூட்டி வந்தார். இவள் "வலிக்கும்" என்றதையும், பேத்தி மூன்று எண்ணிவிட்டு இறங்கி நடந்ததையும் பார்த்தார். சினிமாப் படங்களை எந்த வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்று முடிவு செய்கிற குழுவுக்கு அவர்தான் தலைவர். "குழந்தைங்கள அறிஞ்ச பொதுஜனம் ஒருத்தர் எங்களுக்கு வேணும்மா, வர்றீங்களா?" என்றார். மாதம் இரண்டு படம். முதல் நாள் போய்விட்டு வந்து, "உக்காந்து சினிமா பாக்கறதுக்கு டீ வேற குடுக்கறாங்க" என்று படியில் நின்று சிரித்தாள். அன்று முதல் மாடிக்காரியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்த அறையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு குட்டி விளக்கு, ஒரு மணி. மணியை அழுத்தினால் படம் நிற்கும். கையில் ஒரு படிவம். ரத்தம், அடிதடி, புகை, குடி, கெட்ட வார்த்தை, பேய் என்று வரிசையாகக் கட்டங்கள். எத்தனை தடவை வருகிறதோ அத்தனை கோடு கிழிக்க வேண்டும். கூட்டிப் பார்த்து, படம் எல்லோருக்குமா, பெரியவர் துணையோடா, பெரியவர்களுக்கு மட்டுமா என்று முடிவு செய்வார்கள். இவளுக்குப் பழகிய வேலைதான், காய்ச்சல் அட்டவணை எழுதுகிற மாதிரி.

ஐந்தாவது மாதம் ஒரு படம் வந்தது. ஏழு வயதுப் பையன், அவனுடைய அக்கா. அக்கா நோயில் போய்விடுகிறாள். வீட்டில் பையனிடம் அக்கா ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பையன் திங்கட்கிழமை தோறும் அக்காவின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைசியில் ஒருநாள் அந்தப் பெரிய ஷூவைத் தன் காலில் மாட்டிக்கொண்டு டொக் டொக்கென்று நடந்து அப்பா முன்னால் வந்து நிற்கிறான். "அக்கா காலு இப்ப வளந்திருக்கும்ல? இது பத்துமா?" என்று கேட்கிறான்.

ஊசியக்கா மணியை அழுத்திவிட்டாள்.

படம் நின்றது. தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவள் படிவத்தில் ஒரு கோடுகூட இல்லை. ரத்தம் இல்லை, புகை இல்லை, பேயும் இல்லை. "அழுகைக்கு எங்க கோடு போடறது?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்க. 'இதர'ன்னு கடைசியில இருக்கு பாருங்க, அதுல போடுங்க."

படம் முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. வக்கீல் ஒருவர், வானொலி நாடகக்காரர் ஒருவர், தலைமையாசிரியர், இவள். வக்கீல் முந்திக்கொண்டார். "பாத்தீங்கல்ல? நர்ஸம்மாவாலயே தாங்க முடியல. புள்ளைங்க எப்படித் தாங்கும்? பெரியவர் துணையோடன்னு போட்றலாம்."

"தாங்காம மணி அடிச்சது நான் சார். அந்தப் பையன் கடைசி வரைக்கும் நின்னான்."

"அது நடிப்பும்மா" என்றார் நாடகக்காரர்.

"நடிப்புதான். நான் பாக்கற புள்ளைங்க நடிக்கல. சின்னது தூங்கிடும் சார். ஏழு எட்டு வயசு கேள்வி கேக்கும். கேக்கட்டுமே."

"கேட்டா யாரு பதில் சொல்றது? அதுக்குத்தானே பெரியவர் துணை வேணும்ங்கறேன்?"

"அப்படிப் போட்டா யாரு கூட்டிட்டு வரணும்? பெரியவங்கதானே? மறைக்கிறவன் எவன் சார் கூட்டிட்டு வருவான்?"

ஆனால் கை தூக்கியபோது மூன்று பேர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது அவளுக்குப் பரிந்து பேசுகிற பேச்சாகிவிடும். அவள் மனதில் ஒரு கள்ளமும் இருந்தது. எல்லோருக்கும் என்று சான்றிதழ் வாங்கிய படத்தைத்தான் பள்ளிக்கூடங்கள் மாணவர்களை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டும். வாலுவின் பள்ளிக்கூடமும் போகும். அந்த டொக் டொக் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாலு வீட்டுக்கு வருவாள், கேட்பாள், அப்போது சொல்லிவிடலாம். ஊசியக்காவுக்கு ஊசி போட இன்னொரு கை தேவைப்பட்டது.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. ஒருத்தர் மட்டும் மாறுபட்டால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் அதைப் படித்துக் காட்டிவிட்டு மறுபடி கை தூக்கச் சொல்வார். குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். இவளுக்குத் தாள் என்றால் கேஸ் பேப்பர்தான். கேஸ் பேப்பரில் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் நோயாளிக்கு ஆபத்து. எழுதினது கோப்புக்குள் போகும், அறையை விட்டு வெளியே போகாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். எழுதினாள்:

"என் மகன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. கப்பலில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் பயந்து சாகிறது நாங்கள்தான், அவள் இல்லை. பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கட்டும்."

தலைமையாசிரியர் படித்தார். வக்கீல் தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்துவிட்டுக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். படம் எல்லோருக்கும் என்று ஆனது.

அந்தத் தாளின் நகல் ஒன்று படம் எடுத்தவர்களுக்குப் போகும். அதுவும் விதிதான். குமாஸ்தாவுக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள், "இந்த ஞாயித்துக்கிழமை அவகிட்ட சொல்லிடலாம்."

"எதை?"

"எதையா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பரீட்சை முடியட்டும்."

"பரீட்சை முடிஞ்சா லீவு கெட்டுடும்பீங்க. லீவு முடிஞ்சா புது கிளாஸும்பீங்க."

"உனக்கு என்ன, தினம் நூறு புள்ளைய அழ வைக்கிறவ. எனக்கு இருக்கிறது ஒண்ணு."

அந்த வார்த்தைக்கு அவர் கையை ஓங்கி அடித்தே இருக்கலாம். அப்போதும் அவள் தலையாட்டினாள். பரீட்சை முடியட்டும் என்று தானும் நினைத்துக்கொண்டாள். நினைக்க அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு படம் வெளியாயிற்று. பள்ளிக்கூடத்து மதில்சுவரில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர். கீழே கறுப்பு எழுத்தில் அவள் எழுதின அத்தனை வரியும், ஒரு எழுத்து குறையாமல். அதற்கும் கீழே, "குழுவில் இருந்த ஒரு தாய், தடுப்பூசி நர்ஸ்" என்று. பேர் போடவில்லையாம், அதனால் தப்பில்லையாம். கமிட்டிக்குப் போகிற தடுப்பூசி நர்ஸ் இந்தத் தெருவில் எத்தனை பேர்? வாலுவின் வகுப்பில்தான் அப்படி ஒரு அம்மா எத்தனை பேருக்கு?

கூடப் படிக்கிற பெண் ஒருத்திதான் சத்தமாகப் படித்தாளாம். படித்து முடித்துவிட்டு, "உங்கண்ணன் கப்பல்லதானே இருக்கான்?" என்று கேட்டாளாம்.

ஊசியக்கா வேலை முடிந்து வந்தபோது மேஜை மேல் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் இருந்தன. பக்கத்தில் பதினான்கு கடிதங்களும் அடுக்காக இருந்தன. வாலு பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"உக்காரு. இடது கையால எழுது."

"கண்ணு..."

"எழுதும்மா. 'அன்புள்ள வாலுக்கு'ன்னு எழுது."

கையை நடுங்க வைத்திருக்கலாம். வேறு மாதிரிக் கிறுக்கிவிட்டு, "பாரு, எனக்கு வராது" என்றிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. மூன்று வருடத்தில் அன்றுதான், அந்த இரண்டு வார்த்தையில்தான், அவள் பெண்ணிடம் பொய் சொல்லாமல் இருந்தாள். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. வாலு அதை முதல் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வலிக்கும்னு எல்லாருக்கும் சொல்லுவியே" என்றாள். "எனக்கு ஏன் சொல்லல?"

மூன்று எண்ணுவதற்குள் முடிகிற வலியா அது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்துவிட்டார். போஸ்டரை அவரும் பார்த்திருந்தார், முகத்திலேயே தெரிந்தது. வாலு ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அப்பா, உனக்குத் தெரியுமா? அண்ணன் செத்துப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

அவர் மேஜையைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எடை முள் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று ஊசியக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"இல்லம்மா" என்றார். "நானும் லெட்டரெல்லாம் நிஜம்னுதான் நெனச்சேன்."

கூடவே நின்று மண் போட்ட மனுஷன். ஊசியக்கா வாயைத் திறந்தாள். பெண் நம்பாமல் போயிருக்கலாம், போஸ்டரில் 'நாங்கள்' என்றுகூட இருந்தது, ஆனால் மாதா மாதம் "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டவரும் அவர்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தவரும் அவர்தான். வாலுவுக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்படியே அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அய்யோ அப்பா, உன்னையும் ஏமாத்திட்டாங்களாப்பா" என்று அவருக்காக அழுதாள். தன்னைவிட அவர்தான் பாவம் என்று அழுதாள்.

அவர் சட்டையைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையை ஊசியக்கா பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கையும் விட்டுவிடும். அப்புறம் பிடித்துக்கொள்ளப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நாலு பேர் முன்னால் அத்தனை வாதாடினவள் அங்கே தோற்றாள். அது சரியா தப்பா என்று சலவைக்கடையில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது.

ஆறு நாள் வாலு அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. அப்பா வாங்கி வந்த ரொட்டியைத் தின்றாள். ஊசியக்கா அறைக்குள் நுழைந்தால் வாலு எழுந்து போனாள். சமையலறையில் அவர் ஒருதரம் பக்கத்தில் வந்து, "கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிடறேன்" என்று முணுமுணுத்தார்.

"பரீட்சை முடிஞ்சா?" என்றாள் ஊசியக்கா.

அவர் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி அவர் சொல்லப்போவதில்லை. அவள் அங்கே இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு வேளையும், பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பொய்க்கு அவள் பக்கத்துணையாக இருக்க வேண்டும். இன்னொரு பொய்யை உட்காரவைத்துச் சோறு போட அவளிடம் தெம்பு இல்லை. வாயைத் திறந்தால் பெண்ணுக்கு அப்பன் இல்லை. மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு மூச்சு இல்லை.

ஏழாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஐஸ்பெட்டியைக் கொண்டு வந்து வாலுவின் முன்னால் வைத்தாள். "நீ எழுதின பதில் எல்லாம் இதுல இருக்கு" என்றாள்.

வாலு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு நாளைக்குப் பிறகு பேசின பேச்சு இதுதான்:

"இதெல்லாம் படிச்சியா?"

"படிச்சேன்."

"அண்ணனுக்கு எழுதினது. உனக்கு எழுதல."

தாள்களை எல்லாம் அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, "நீ போ. எனக்கு அப்பா போதும்" என்றாள். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாதது. ஒன்பது வயதுப் பெண், பெரிய மனுஷி மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

இதைத்தான் தெரு, பெண்ணை விட்டுவிட்டுப் போனாள் என்கிறது.

அவர் கதவோரமாக நின்றார். "எங்க போற?" என்றார், ஏதோ கடைக்குப் போகிறவளைக் கேட்கிற மாதிரி.

"வேலைக்கு" என்றாள். "நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்கு. லெட்டர் எழுத மாட்டேன். அவ கேட்டா, அவளுக்கே தோணிக் கேட்டா, வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்லுவேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா நல்லது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் மாடிக்காரி படியில் பால் பாக்கெட்டோடு நின்றாள், அன்று பால் வாங்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. ஊசியக்கா செருப்பை மாட்டினாள். கையில் துணிப்பை ஒன்று, பெண் காலி செய்துவிட்ட அந்த மூடி உடைந்த ஐஸ்பெட்டி ஒன்று. அதுதான் இவர்கள் சொல்கிற பெட்டி.

வாசற்படி இறங்கும்போது ஒரு தடவை நின்றாள். உள்ளே வாலு ஏதோ சொல்வது கேட்டது. அவளைக் கூப்பிடவில்லை. அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். "அழாதப்பா, நான் இருக்கேன்ல" என்றாள்.

ஊசியக்கா தனக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கி நடந்தாள்.